குட்டிப் பாம்பு எலியைக் கக்கினால்: உப்புவெளி அக்காவுக்கு ஒரு பதில்

அக்காவின் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். அவர் திருகோணமலைப் பக்கம் உப்புவெளியில் இருக்கிறார். மூத்த மகன் இங்கிலாந்தில் லெஸ்டரில் படிக்கிறார். அங்கே ஒரு கோர்ன் ஸ்நேக் (வீட்டில் வளர்க்கும் விஷமில்லாத ஒரு வகைப் பாம்பு) குட்டியை வாங்கித் தன் அறையில் வைத்து வளர்க்கிறார். செப்டெம்பரில் பொரித்த குட்டி, எடை 14 கிராம். இரண்டு வாரத்துக்கு முன் கொடுத்த எலிக்குஞ்சை இரண்டாம் நாள் முழுசாகக் கக்கிவிட்டது. பசிக்குமே என்று நாலு நாள் கழித்து இன்னொன்று கொடுத்திருக்கிறார். அதையும் மூன்றாம் நாள் கக்கிவிட்டது, இந்த முறை நாற்றத்தோடு. "தம்பி, பிள்ளை போனில அழுறான். கொஞ்சம் பால் வைக்கச் சொல்லவா? மருந்து ஏதும் இருக்கா? அந்த வருத்தம் அவனுக்கும் தொத்துமா?" என்று கேட்கிறார். பாம்பின் கழிவு எப்படி இருக்க வேண்டும் என்றும் கேட்டிருக்கிறார். கடைசியில் ஒரு வரி: சின்ன மகனும் அண்ணனைப் பார்த்து, தோட்டத்தில் வரும் பாம்பு ஒன்றைப் பிடித்து வளர்க்கப் போகிறேன் என்கிறாராம்.

பதினொரு வருடம் நான் இங்கிலாந்தில் இருந்தேன். முதலில் பாம்பு, ஓணான், ஆமை விற்கும் ஒரு கடையில் வேலை, பிறகு அந்த மாதிரிப் பிராணிகளைப் பார்க்கும் மிருக வைத்தியர் ஒருவரிடம் உதவியாளர். இப்போது திருகோணமலை உவர்மலையில் இருக்கிறேன். நான் வைத்தியர் இல்லை. ஆனால் கக்கின எலியைத் துடைத்தெடுத்த கை இது.

அக்கா, முதலில் பால் வேண்டாம். நாகதம்பிரானுக்குப் பாலும் முட்டையும் வைப்பது நம்முடைய வழிபாடு, அதில் நான் தலையிடவில்லை. ஆனால் பாலூட்டாத பிராணிக்குப் பாலைச் செரிக்க வழியில்லை. தாகத்தில் தவிக்கும் பாம்பு எந்த ஈரத்தையும் உறிஞ்சும். அதைப் பார்த்துத்தான் பாம்பு பால் குடிக்கும் என்று நம்பிவிட்டோம். ஏற்கனவே புண்ணான வயிற்றில் பால் போனால் வயிற்றோட்டம்தான் மிச்சம். ஓமத்தண்ணி, கொத்தமல்லி அவித்த தண்ணி, விளக்கெண்ணெய், இவற்றுக்கும் இதே பதில். (கேட்கவில்லை என்று சொல்லாதீர்கள், அடுத்த கேள்வி அதுதானே!) நல்ல தண்ணீர் ஒரு சின்னக் கிண்ணத்தில், தினமும் மாற்றி. அவ்வளவுதான் இப்போதைக்கு அதன் சாப்பாடு.

இனி மகனிடம் சொல்ல வேண்டிய முதல் வார்த்தை: "திரும்பச் சாப்பாடு குடுக்காதே." குட்டிப் பாம்பு முதல் தடவை கக்கியதால் சாவது அபூர்வம். கக்கிய பிறகு அவசரப்பட்டுக் கொடுக்கும் இரண்டாவது, மூன்றாவது எலிதான் கொல்லும். கக்கும்போது எலியோடு வயிற்று அமிலமும் செரிக்க வைக்கும் நொதிகளும் உடம்புத் தண்ணீரும் சேர்ந்து வெளியே வருகின்றன. அமிலம் ஏறி வந்த தொண்டைக்குழாய் வெந்துபோய் இருக்கும். அந்த நிலையில் உள்ளே போகும் எலி செரிக்காது. அந்த உடம்புச் சூட்டில் கிடந்து அழுகும். அழுகினால் மறுபடி கக்கும். இரண்டாம் தடவை நாற்றம் அடித்தது என்று எழுதியிருக்கிறீர்களே, காரணம் பெரும்பாலும் இதுதான். முதலாவது கெடுவதற்கு முன்பே வந்தது, இரண்டாவது உள்ளே கிடந்து கெட்டு வந்தது.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. கடையில் சேர்ந்த முதல் குளிர்காலம். கரட் நிறத்தில் ஒரு குட்டி, என் சுண்டுவிரல் பருமன்கூட இல்லை. வெள்ளிக்கிழமை கக்கிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை கடையில் யாரும் இல்லாத நேரம், பாவம் பார்த்து இன்னொரு எலிக்குஞ்சைக் காட்டினேன். ஒரே பாய்ச்சலில் பிடித்து விழுங்கியது. எனக்குப் பெரிய சந்தோசம். பசித்த பிள்ளைக்குச் சோறு போட்ட மாதிரி. புதன்கிழமை காலையில் பெட்டியைத் திறந்தால் தண்ணீர்க் கிண்ணத்தைச் சுற்றி நனைந்த சப்பாத்து லேஸ் மாதிரிக் கிடந்தது. பக்கத்தில் சாம்பல் நிறமாகிப் போன எலி. கையில் எடுத்தபோது பாரமே இல்லை. கோர்ன் ஸ்நேக் நோயிலும் சாப்பாட்டைப் பாயும். சாப்பிடும் ஆசை இருக்கிறதே, அப்போ சுகம்தானே என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள்.

கணக்கு இப்படி. கடைசியாகக் கக்கிய நாளிலிருந்து 14 நாள் ஒன்றும் கொடுக்கக் கூடாது. அக்கா சொன்னபடி பார்த்தால் ஐந்து நாள் போய்விட்டது, இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. பயப்படாதீர்கள், தண்ணீர் இருந்தால் குட்டிப் பாம்பு சில வாரம் பட்டினி தாங்கும். பதினைந்தாம் நாள் வழக்கமாகக் கொடுப்பதில் பாதி அளவு, கண் திறக்காத, மயிர் முளைக்காத ரோஸ் நிற எலிக்குஞ்சு ஒன்று. 1 கிராமுக்குக் கிட்ட இருந்தால் போதும். அதன் முதுகுத் தோலில் கூரான பிளேட்டால் இரண்டு மூன்று மெல்லிய கீறல் போட்டால் அமிலம் உள்ளே இறங்கச் சுகம். அது கக்காமல் உள்ளே நின்றுவிட்டால் ஏழிலிருந்து பத்து நாள் இடைவெளி, திரும்ப அதே சின்ன அளவு. இப்படி மூன்று நாலு தடவை சரியாகப் போன பிறகுதான் மெதுவாகக் கூட்டலாம். இந்தக் காலம் முழுவதும் கையில் எடுக்கவே வேண்டாம்.

இனி ஏன் கக்கியது என்று பார்ப்போம். அக்கா போகிற போக்கில் எழுதிய இரண்டு விடயத்திலேயே எனக்குப் பதில் கிடைத்துவிட்டது. ஒன்று, "இப்ப கொஞ்சம் வளர்ந்திட்டுது எண்டு மயிர் முளைச்ச எலிக்குஞ்சு குடுத்தவன்." மற்றது, "வீட்டுக்காரர் இரவு பத்து மணிக்கு ஹீட்டரை நிப்பாட்டிப் போடுவார்."

எலியை எடுப்போம். குட்டிக்கு ஒரு வேளைக்கு அதன் எடையில் 10 முதல் 15 சதவீதம்தான் அளவு. 14 கிராம் குட்டிக்கு 1.4 முதல் 2.1 கிராம். மயிர் முளைத்த குஞ்சு 3 கிராமுக்குக் குறையாது, 5, 6 கிராமும் இருக்கும். அதாவது தன் எடையில் மூன்றில் ஒரு பங்கை அது விழுங்கியிருக்கிறது. அறுபது கிலோ ஆள் ஒருவர் இருபது கிலோ சோற்றை ஒரே வாயில் விழுங்கினால்? பாம்பால் அவ்வளவு பெரியதை விழுங்க முடியும், தாடை விரியும். செரிப்பது வேறு கதை. கண்ணளவு பார்ப்பவர்களுக்கு ஒரு வழி: எலியின் பருமன் பாம்பின் உடம்பில் மிகப் பருத்த இடத்தின் பருமனோடு ஒத்திருந்தால் போதும், கொஞ்சம் கூடினாலும் ஒன்றரை மடங்கைத் தாண்டக் கூடாது. சமையலறை டிஜிட்டல் தராசு ஒன்று வாங்கினால் இந்த ஊகமெல்லாம் தேவையில்லை. பாம்புக்கென்று தனியாக ஒன்று. மாப் பிசைய எடுக்கும் தராசில் வைத்துவிடப் போகிறான்.

ஆனால் பெரிய எலியை விடக் குளிர்தான் இங்கே முதல் குற்றவாளி என்பது என் எண்ணம். நமக்குள்ளே அடுப்பு இருக்கிறது, பாம்புக்கு இல்லை. வெளியிலிருந்து சூடு கிடைத்தால்தான் அதன் வயிறு வேலை செய்யும். சூடு குறைந்தால் எலி அப்படியே கிடக்கும். பெரிய இரையைச் செரிப்பது பாம்புக்கு எவ்வளவு பெரிய வேலை என்று பர்மா மலைப்பாம்பை வைத்து ஆராய்ந்திருக்கிறார்கள். பட்டினியில் இருக்கும்போது அதன் வயிறு கிட்டத்தட்ட வெறும் தண்ணீர் மாதிரி, பிஎச் 7 அளவில் இருக்கும். விழுங்கிய ஓரிரு நாளில் அது 2க்குக் கீழே இறங்கிக் கடும் அமிலமாகும். சிறுகுடல் இரண்டு மடங்கு பாரமாகும். இதயம் 48 மணித்தியாலத்துக்குள் 40 சதவீதம் வரை பருக்கும் என்று 2005இல் வெளியிட்டார்கள். கோர்ன் ஸ்நேக் அடிக்கடி சாப்பிடுகிற சாதி, அதற்கு இவ்வளவு ஆட்டம் இல்லை. ஆனாலும் விடயம் ஒன்றுதான். ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் உள்ளே ஒரு பட்டறையையே மூட்ட வேண்டும், அந்தப் பட்டறைக்கு விறகு வெளிச்சூடு.

நம்மூரில் இது யோசிக்க வேண்டிய விடயமே இல்லை. மாரி மழை கொட்டும் மார்கழியிலும் திருகோணமலையில் இரவு 24 பாகைக்குக் கிட்டத்தான் இருக்கும். வைகாசியிலிருந்து புரட்டாதி வரை பகலில் 34, 35. இங்கே பாம்பு ஒளிவது வெயிலுக்கு. லெஸ்டரில் டிசம்பர் இரவில் ஹீட்டரை நிறுத்தினால் மாணவர் அறை 14 பாகைக்கு வந்துவிடும். "பெட்டிக்குக் கீழ ஹீட் மாட் இருக்குதானே" என்று மகன் சொல்வார். இருக்கட்டும். அந்தச் சூட்டு விரிப்பு அறைச் சூட்டை விடக் கொஞ்சம் கூட்டித் தருவதுதான். அறை குளிர்ந்தால் அதுவும் தோற்கும்.

ஆகவே அவர் செய்ய வேண்டியது. பெட்டியின் ஒரு பக்கம் மட்டும் சூடு, மூன்றில் ஒரு பங்கு இடத்துக்கு. அந்தப் பக்கம் பாம்பு ஒளியும் கூட்டுக்குள், தரையில் வைத்துப் பார்த்தால் 29 முதல் 31 பாகை இருக்க வேண்டும். மறு பக்கம் 22 முதல் 24. இரண்டு பக்கமும் ஒவ்வோர் ஒளிவிடம். ஒரே ஒரு கூட்டைக் குளிர்ப் பக்கம் வைத்தால் பாம்பு பயத்தில் அங்கேயே கிடக்கும், சூட்டுக்குப் போகாது. சூட்டைக் கட்டுப்படுத்தும் தேர்மோஸ்டாட் கட்டாயம், இல்லாவிட்டால் மாட் சூடேறி வயிற்றுத் தோலைச் சுட்டுவிடும். கண்ணாடியில் ஒட்டும் ஸ்டிக்கர் வெப்பமானி எதற்கும் ஆகாது, அது கண்ணாடியின் சூட்டைத்தான் சொல்லும். வயர் உள்ள டிஜிட்டல் வெப்பமானியின் முனையைக் கூட்டுக்குள் விட்டு, விடியற்காலை ஐந்து மணிக்கு ஒரு தரம் பார்க்கச் சொல்லுங்கள். பகல் பன்னிரண்டுக்குப் பார்த்தால் எல்லாம் நல்லாத்தான் இருக்கும்.

மூன்றாவது காரணம் கை. சாப்பிட்ட பாம்பை 48 மணித்தியாலம் தொடக் கூடாது, இந்தக் குட்டிக்கு மூன்று நாள் என்றே வையுங்கள். வயிற்றில் பாரத்தோடு இருக்கும்போது யாராவது தூக்கினால், ஓடித் தப்ப வேண்டும் என்று பாரத்தை இறக்கிவிடும். காட்டில் அது புத்தி. நண்பர்கள் வந்து வட்டமாக உட்கார்ந்து செல்ஃபி எடுக்கும் அறையில் அதுவே வருத்தம்.

எலியை உருக்குவதிலும் பிழை வரும். ஃப்ரீசரிலிருந்து எடுத்து இரவு ஃப்ரிட்ஜில் கீழே வைத்து, கொடுக்கும் முன் பொலித்தீன் பையோடு கை பொறுக்கும் வெந்நீரில் கொஞ்ச நேரம். உள்ளே ஐஸ் நின்றாலும் கக்கும், வெளியே கிடந்து பழுதானாலும் கக்கும். மைக்ரோவேவ் வேண்டாம், எலி வெடித்துப்போகும். ஒரு தடவை உருகியதைத் திரும்ப ஃப்ரீசரில் போடவும் கூடாது.

இவ்வளவும் சரிசெய்து, 14 நாள் காத்து, சின்ன எலி கொடுத்தும் மூன்றாம் தடவை கக்கினால், அன்றைக்கே ஊர்வனவற்றைப் பார்க்கும் மிருக வைத்தியரிடம் போக வேண்டும். நாய் பூனை மட்டும் பார்ப்பவர் போதாது. எனக்கு அந்த நேரத்தில் இருக்கும் பயம் கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி. பாம்பைப் பிடிக்கும் வகைக்குக் கிரிப்டோஸ்போரிடியம் சர்பென்டிஸ் என்று பெயர். அது வயிற்றுச் சுவரைத் தடிக்கச் செய்யும். பாம்பின் நடு உடம்பில், சாப்பிடாத நாளிலும், எலி ஒன்றை விழுங்கிய மாதிரி ஒரு புடைப்பு தெரியும். திரும்பத் திரும்பக் கக்கும், மெலியும். கோர்ன் ஸ்நேக்கில் இது அடிக்கடி பேசப்படும் வருத்தம். நம்பிக்கையாக முற்றிலும் மாற்றும் மருந்து கிடையாது. சாதாரண ப்ளீச்சுக்கு அதன் முட்டைகள் சாவதுமில்லை. கழிவிலோ வயிற்றைக் கழுவி எடுக்கும் நீரிலோ பிசிஆர் சோதனை செய்வார்கள். ஒரு தடவை இல்லை என்று வந்தால் இல்லை என்று அர்த்தமில்லை, ஏனென்றால் முட்டைகள் விட்டுவிட்டுத்தான் வெளிவரும். இதிலே ஒரு வேடிக்கை: பாம்பு தின்ற எலிக்கு இருந்த வேறு வகை கிரிப்டோ பாம்பின் கழிவில் வந்து, சுகமாக இருக்கும் பாம்பைச் சோதனையில் நோயாளி என்று காட்டிவிடுவதும் உண்டு. எந்த வகை என்று பிரித்துப் பார்க்கச் சொல்லிக் கேட்க வேண்டும். மகனிடம் இந்த ஒரு குட்டிதான் இருக்கிறது என்பதில் எனக்கு நிம்மதி. இன்னொன்று வாங்க ஆசைப்பட்டால், வேறு அறையில், வேறு இடுக்கி, வேறு கிண்ணம், மூன்று மாதம் தள்ளி வைக்கச் சொல்லுங்கள். ஆமையோடு ஒருபோதும் சேர்த்து வைக்கக் கூடாது. ஆமைக்கு ஒன்றும் செய்யாத என்டமீபா இன்வேடன்ஸ் என்ற அமீபா பாம்பின் குடலைப் புண்ணாக்கி இரத்தமாகப் போகவைத்துக் கொன்றுவிடும்.

வைத்தியரிடம் போகும்போது கக்கிய எலியையோ புதுக் கழிவையோ சின்னப் பொலித்தீன் பையில் போட்டு மூடி, ஃப்ரிட்ஜில் வைத்து (ஃப்ரீசரில் அல்ல) அன்றைக்கே கொண்டுபோக வேண்டும். வெறுங்கையோடு வந்து "கக்கினது" என்று மட்டும் சொல்பவர்களைப் பார்த்துப் பார்த்துக் களைத்தவன் நான். கக்கிய எலி எந்த நிலையில், எத்தனையாம் நாளில் வந்தது என்பதிலேயே பாதி விடை இருக்கும். எடை 10 சதவீதத்துக்கு மேல் இறங்கினாலும், வாயில் நுரையோ சளியோ தெரிந்தாலும், கழிவில் இரத்தம் கண்டாலும் 14 நாளைக் காத்திருக்கத் தேவையில்லை.

கழிவைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். பாம்பு தினமும் போகாது. சாப்பிட்டுச் சில நாளிலிருந்து இரண்டு வாரத்துக்குள் போகலாம். கறுப்பு அல்லது மண்ணிறமாக ஒரு பகுதி, வெள்ளைச் சுண்ணாம்பு மாதிரி இன்னொரு பகுதி. அந்த வெள்ளை அதன் மூத்திரம், பயப்பட ஒன்றுமில்லை. அது மஞ்சளாக, கட்டியாகப் போனால் தண்ணீர் குறைவு. மலச்சிக்கலுக்கு இளஞ்சூட்டு நீரில் இருபது நிமிடம் விடலாம், உடம்பு பாதி மூழ்கும் உயரம், 29, 30 பாகை போதும். நம்ம கன்னியா வெந்நீர்க் கிணறுகளின் சூட்டை மனதில் வைத்துத் தண்ணி காய்ச்சிவிடாதீர்கள், அந்தச் சூட்டில் குட்டி செத்துவிடும். வயிற்றைத் தடவி அமுக்கவும் கூடாது. பெட்டிக்குள் மணலோ மரத்தூளோ போட்டிருந்தால், எலியோடு ஒட்டி உள்ளே போய்க் குடலை அடைக்கும். கோட்டைப் பக்கத்து மான்கள் குப்பையில் சொப்பிங் பேக்கை மெல்லுவதைப் பார்த்திருப்பீர்கள், அதே சங்கதிதான். வருத்தம் மாறும்வரை தரைக்கு வெறும் டிஷ்யூ பேப்பர். கழிவு வாசலில் சிவப்பாகச் சதை பிதுங்கி நின்றால் மட்டும் அவசரம். சீனி கரைத்த தண்ணீரில் நனைத்த துணியால் அதைக் காயவிடாமல் மூடிக்கொண்டு அந்த மணித்தியாலமே வைத்தியரிடம் ஓட வேண்டும்.

மகனுக்குத் தொத்துமா? பாம்பைப் பிடிக்கும் அந்தக் கிரிப்டோ மனிதரைப் பிடிப்பதாகத் தெரியவில்லை. ஆனால் சல்மனெல்லா என்ற வயிற்றோட்டக் கிருமி வரும். சுகமாக இருக்கும் பாம்பின் கழிவிலும் அது இருக்கலாம், உறைந்த எலியிலும் இருக்கலாம். ஃப்ரீசர் அதைக் கொல்லாது. இங்கிலாந்திலேயே தீன் எலிகளால் ஆட்களுக்கு வயிற்றோட்டம் பரவி, சுகாதார அதிகாரிகள் எச்சரித்திருக்கிறார்கள். கூட இருக்கும் பொடியன்களின் சாப்பாட்டு ஃப்ரீசரில் எலிப் பையை வைத்திருப்பாரோ என்று ஒரு சந்தேகம், கேட்டுப் பாருங்கள். வைக்கவேண்டி வந்தால் மூடி உள்ள பெட்டிக்குள். பாம்பைத் தொட்ட கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவ வேண்டும். கிண்ணத்தைச் சமையலறைத் தொட்டியில் கழுவக் கூடாது.

சின்னவருக்கு: இல்லை என்று சொல்லுங்கள். இங்கே காட்டுப் பாம்பைப் பிடித்து வைப்பது 1937ஆம் ஆண்டின் வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டப்படி குற்றம். வெங்கிணாந்தி என்கிற மலைப்பாம்பு எல்லாம் கடுமையாகப் பாதுகாக்கப்பட்டது. போன மாரியில் நிலாவெளி வீதிப் பக்கம் ஒரு பொடியன் ஐஸ்கிரீம் பெட்டியில் வெள்ளை வளையம் போட்ட ஒரு குட்டியைக் கொண்டுவந்து, "அங்கிள், இது ஒண்டும் சாப்பிடுதில்லை" என்று காட்டினான். மூடியில் ஊசியால் நாலு ஓட்டை, உள்ளே ஒரு துண்டு கோழி இறைச்சி, எறும்பு மொய்த்து. நல்ல காலம், அது பல்லி தின்னும் விஷமில்லாத வீட்டுப் பாம்பு. அதே மாதிரி வளையம் போட்டுத்தான் கட்டுவிரியனும் வரும், மழைக்கு வீட்டுக்குள்ளும் வரும். டோர்ச் வெளிச்சத்தில் செதிலைப் பார்த்து உறுதிசெய்யும்வரை என் கை நடுங்கியது. அன்றிரவே இரண்டு பேருமாகப் போய் அவன் பிடித்த மதிலடியில் விட்டோம். பெட்டியைத் திறந்த உடனே கல்லிடுக்குக்குள் போய்விட்டது.

அக்கா, லெஸ்டரில் விடியற்காலை ஐந்து மணிக்கு அந்த வெப்பமானி என்ன காட்டியது என்று மகனிடம் கேட்டு எழுதுங்கள். எலி கொடுப்பதைப் பற்றி அதைப் பார்த்த பிறகு கதைப்போம்.